முதல் எல்.பி.: வாங்குவோரும் வம்புக்கு இழுப்போரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மும்பையில் வாழும் நான்கு தமிழர்கள் சேர்ந்து, கராஜ் பங்க் என்ற முரட்டு ராக் இசையை வாசிக்கும் குழுவின் முதல் தொகுப்பு, எல்.பி. எனப்படும் நீண்ட நேரம் ஓடும் வினைல் தட்டாக வந்திருக்கிறது. பத்துப் பாட்டு, 12 அங்குலம், நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகம், 300 பிரதிகள். நான் குழுவில் எதையும் வாசிப்பதில்லை. ஒலிப்பதிவு முடிந்ததிலிருந்து தட்டு கைக்கு வரும்வரை ஆன வேலைகளைப் பார்த்துக்கொண்டவன். அதனால் ஏச்சும் பாராட்டும் முதலில் என்னிடம்தான் வந்து சேருகின்றன. ஏச்சு கொஞ்சம் கூடுதல்.

கராஜ் பங்க் என்கிறீர்களே, மும்பையில் யார் வீட்டில் கராஜ் இருக்கிறது?

யார் வீட்டிலும் இல்லை. கார் வைத்திருப்பவர்களே அதைத் தெருவோரத்தில் நிறுத்திவிட்டு, காலையில் கண்ணாடி இருக்குமா என்று கவலைப்பட்டபடி தூங்கும் ஊர் இது. பெயர் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1960களின் நடுவில் அங்கே பள்ளிக்கூடப் பையன்கள் வீட்டுக் கார்க் கொட்டகையில் கூடி, கிடாரில் கற்றுக்கொண்ட மூன்று நான்கு கோர்டுகளை வைத்துக்கொண்டு ராக் வாசித்தார்கள். உள்ளூரில் ஏதாவது ஒரு சிறு நிறுவனத்தில் பக்கத்துக்கு ஒரு பாட்டு கொண்ட 45 வேகச் சிங்கிள் தட்டு ஒன்றைப் போட்டார்கள். பெரும்பாலானோர் அதோடு காணாமல் போனார்கள். 1972இல் லென்னி கே என்பவர் அப்படிப்பட்ட 27 பாட்டுகளைப் பொறுக்கியெடுத்து, எலக்ட்ரா நிறுவனத்துக்காக ‘நகெட்ஸ்’ என்ற இரட்டை எல்.பி.யாகத் தொகுத்தார். பின்னாளில் பங்க் வாசிக்க வந்தவர்களில் பலர் அந்தத் தட்டைக் கரைத்துக் குடித்தவர்கள்.

எங்கள் ‘கராஜ்’ தாராவியில் மூடிக்கிடந்த ஒரு மாவு மில். இயந்திரம் நின்ற சிமெண்டு மேடையை யாரும் உடைக்கவில்லை. டிரம்ஸ் அதன் மேல்தான் இருக்கிறது. ஜன்னல் கிடையாது. வாசிக்கும்போது கதவைச் சாத்த வேண்டும், சாத்தினால் மூச்சு முட்டும். நம் பாட்டுகள் ஏன் இவ்வளவு சீக்கிரம் முடிகின்றன என்று கேட்பவர்களுக்கு அதுவும் ஒரு பதில்.

யார் யார் வாசிக்கிறார்கள்?

பாடகி சயான் கோலிவாடாவில் வளர்ந்தவர், மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்தவர். கிடார் செம்பூர், பேஸ் கிடார் மாட்டுங்கா, டிரம்ஸ் தாராவி. பெயர்கள் உறையின் பின்புறத்தில் இருக்கின்றன. இங்கே போடாததற்குக் காரணம், பாடகி வேலை பார்க்கும் அலுவலகத்தில் இந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை.

மொத்தமே 32 நிமிடம்தானா? கொடுக்கிற காசுக்கு இது நியாயமா?

செம்பூர் மாமா ஒருவர் இதைக் கணக்குப் போட்டு, நிமிடத்துக்கு எத்தனை ரூபாய் ஆகிறது என்று எனக்கு எழுதியே அனுப்பிவிட்டார். அவருக்கு முதலில் தட்டின் கணக்கைச் சொல்கிறேன்.

ஒரு பக்கத்தில் இருக்கும் இடம் அளவானது. ஒலி பலமாக இருந்தால், முள் ஓடும் பள்ளமான தடம் அகலமாக வளைந்து நெளியும். பக்கத்துத் தடத்தில் இடிக்காமலிருக்க நடுவே இடம் விட வேண்டும். ஒரு பக்கத்தில் 25 நிமிடம் ஏற்ற முடியாதா என்றால், ஏற்றலாம். ஆனால் தடங்களை நெருக்க வேண்டும். நெருக்குவதற்காக ஒலி அளவைத் தணிக்க வேண்டும், தாழ்ந்த சுருதி அதிர்வுகளையும் கொஞ்சம் வெட்ட வேண்டும். அப்புறம் கேட்பவர் வால்யூமைத் திருகும்போது தட்டின் சொந்த இரைச்சலும் கூடவே ஏறி வரும். பக்கத்துக்கு 16 நிமிடம் என்று வைத்ததால், தடத்தை வெட்டியவருக்குத் தாராளமாக இடம் கிடைத்தது. அந்தப் பக்கம் ஓடி முடிய, தட்டு ஏறத்தாழ 530 சுற்றுச் சுற்றுகிறது.

இடம் மட்டுமல்ல, வேகமும் இருக்கிறது. தட்டு ஒரே சீராகச் சுழன்றாலும் முள்ளுக்கடியில் தடம் ஓடும் வேகம் மாறிக்கொண்டே போகிறது. வெளி விளிம்பில் நொடிக்குச் சுமார் 50 சென்டிமீட்டர். லேபிளை நெருங்கும்போது அதில் பாதிகூட இல்லை. உள்ளே போகப் போக அதே ஒலியைக் குறுகிய நீளத்தில் எழுத வேண்டியிருப்பதால் கூர்மையான ஓசைகள் மங்கும், சில நேரம் கரகரக்கும். சிம்பல் தாளமும் ‘ச’, ‘ஸ’ ஓசைகளும்தான் முதலில் அடிபடும். நம் பாடகி ‘சாயங்காலம் சண்டை’ என்று தொடங்கி, வரிக்கு வரி ‘ச’ வைத்து ஒரு பாட்டு எழுதியிருக்கிறார். நேரடி நிகழ்ச்சிகளில் கடைசியாகப் பாடும் பாட்டு அது. தட்டில் இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டாக, வெளி விளிம்புக்குப் போய்விட்டது. வரிசை ஏன் மேடையில் கேட்டதுபோல இல்லை என்று கேட்டவர்கள் கவனிக்க.

மரபைக் கேட்டாலும் 32 நிமிடம் தாராளம்தான். சோனிக்ஸ் குழு 1965இல் அமெரிக்காவின் டகோமா நகரிலிருந்து போட்ட முதல் எல்.பி. இரண்டே டிராக்கில், அதாவது தனித்தனியாகப் பதியும் இரண்டே ஒலி வரிசைகளில் பதிவானது. டிரம்ஸ் முழுவதற்கும் ஒரே ஒரு மைக். 1976இல் வந்த ராமோன்ஸ் குழுவின் முதல் தட்டில் 14 பாட்டு, மொத்தம் 29 நிமிடம், செலவு சுமார் 6,400 டாலர். அப்போது பெரிய ராக் குழுக்கள் ஒரு தட்டுக்காக மாதக்கணக்கில் ஸ்டூடியோவில் உட்கார்ந்திருந்தன. 1977 பிப்ரவரியில் வந்த டாம்ன்ட் குழுவின் தட்டுதான் பிரிட்டிஷ் பங்க் குழு ஒன்றின் முதல் எல்.பி.; லண்டனில் பாத்வே என்ற சின்னஞ்சிறு எட்டு டிராக் ஸ்டூடியோவில் பதிவானது, அதுவும் அரை மணி நேரத்தை ஒட்டித்தான் ஓடுகிறது. இவர்கள் யாரும் நீளமாக எழுத வராமல் குட்டையாக எழுதவில்லை என்று வாதாட எனக்கு ஆசைதான், ஆனால் அது பொய். காசும் நேரமும் இருந்த அளவுக்குள் எழுதினார்கள், அந்த இறுக்கமே பாட்டின் குணமாகிவிட்டது. மாவு மில்லில் எங்களுக்கும் அதுதான் நடந்தது. வாடகை மணிக்கணக்கில் ஏறும்போது இரண்டாவது சரணம் தேவையா என்ற கேள்விக்கு உடனே விடை கிடைத்துவிடுகிறது.

தட்டில் கேட்கும் அந்த ‘கர்ர்ர்’ பழுதா, இசையா?

அதிகம் வரும் கேள்வி இது. தட்டைத் திருப்பி அனுப்புவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

கிடாரின் ‘கர்ர்ர்’ இசை. அதற்கு ஃபஸ் என்று பெயர். ஒலிபெருக்கியைத் தாங்கும் அளவுக்கு மேல் முறுக்கினால் ஒலி அலையின் தலை வெட்டுப்பட்டு இப்படி உறுமும். 1950களில் லிங்க் ரே என்ற அமெரிக்கக் கிடார்க்காரர் தன் ஒலிபெருக்கிக் கூம்பைப் பென்சிலால் குத்தினார். 1964இல் பிரிட்டனின் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் பிளேடால் கீறினார். பிறகு அதே உறுமலைக் காலால் மிதித்து வரவழைக்கும் பெட்டிகள் வந்துவிட்டன. நம் கிடார்க்காரரிடம் இருப்பது லாமிங்டன் சாலையில் உதிரிப் பாகங்கள் வாங்கி அவரே பற்றவைத்தது.

பழுது வேறு மாதிரி இருக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை, அதாவது 1.8 நொடிக்கு ஒரு தரம், ஒரே சீராக ‘டிக்’ என்று விழுந்தால் அது கீறல். முள் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஓடினால் அதுவும் கீறலே, அல்லது அடைந்துகிடக்கும் அழுக்கு. பாட்டின் சுருதி மெல்ல ஏறி இறங்கினால் நடு ஓட்டை மையம் விலகியிருக்கிறது. முதல் பாட்டு நன்றாக இருந்து, உள்ளே போகப் போக எல்லாமே கொரகொரவென்று ஆனால், உங்கள் முள்ளைப் பாருங்கள். தேய்ந்திருக்கும் அல்லது சரியாகப் பொருத்தப்படாமல் இருக்கும். அமைதியான பாட்டு இடைவெளியில் சரசரப்பு இருந்தால் தூசி. கிடார் வாசிக்காத இடத்திலும் ‘கர்ர்ர்’ கேட்டால் என்னிடம் சொல்லுங்கள், மாற்றித் தருகிறேன்.

ஒன்றை மட்டும் சொல்லிவிட வேண்டும். முரட்டு இசை என்பதால் முரட்டுத்தனமாகவே தட்டும் தயாரிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். தலைகீழ். கர்நாடகக் கச்சேரித் தட்டில் ஒரு சரசரப்பு வந்தால் எல்லோருக்கும் அது பழுது என்று தெரியும். எங்கள் தட்டில் வந்தால் வேண்டுமென்றே செய்தது என்று நினைத்துக்கொள்வார்கள். அதனால்தான் எல்லோரையும்விட நாங்கள் கறாராக இருக்க வேண்டியிருந்தது. உறுமல் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே மட்டும் இருக்க வேண்டும்.

அப்படியானால் தட்டு எப்படித்தான் தயாராகிறது?

அலுமினியத் தகட்டின் மேல் நைட்ரோசெல்லுலோஸ் அரக்குப் பூசிய வட்டு ஒன்றைச் சுழலவிட்டு, சூடான கூர்முனையால் தடத்தை வெட்டுவார்கள். இது நேரத்தோடு நடக்கும் வேலை. 16 நிமிடப் பாட்டுக்கு 16 நிமிடம் வெட்ட வேண்டும், நடுவில் தும்மினால் புது வட்டு. இந்த அரக்கு வட்டுகளை உலகத்துக்கே செய்து தந்தவை இரண்டே ஆலைகள். கலிபோர்னியாவில் இருந்த அப்பல்லோ மாஸ்டர்ஸ் 2020 பிப்ரவரியில் தீக்கிரையானது. பிறகு ஜப்பானில் இருக்கும் ஒன்றையே எல்லோரும் நம்பியிருக்க நேர்ந்தது.

வெட்டிய வட்டின்மேல் வெள்ளியை மெல்லிசாகப் பூசி, மின்முலாம் தொட்டியில் நிக்கல் ஏற்றி உரித்தால் தடங்கள் மேடாக இருக்கும் தலைகீழ் வார்ப்பு கிடைக்கும். அதற்குத் தந்தை என்று பெயர். தந்தையிலிருந்து தாய், தாயிலிருந்து ஸ்டாம்பர் என்ற அச்சுத்தகடு. ஒரு ஸ்டாம்பர் சுமார் ஆயிரம் தட்டுவரை தாங்கும் என்பார்கள். நாம் 300 மட்டுமே அச்சிட்டதால் முதல் தட்டை வாங்கியவருக்கும் கடைசித் தட்டை வாங்கியவருக்கும் ஒலியில் வேறுபாடு இல்லை. வரிசை எண்ணுக்காகச் சண்டை போடுகிறவர்களுக்கு இதைத் தனியே சொல்லியும் பயனில்லை.

அச்சு இயந்திரத்தில் கீழே ஒரு ஸ்டாம்பர், மேலே ஒரு ஸ்டாம்பர். நடுவில் சூடாக்கிய பி.வி.சி. உருண்டை. அதன் இரு பக்கமும் காகித லேபிள்கள். நீராவியின் சூட்டில் அழுத்தி, தண்ணீரால் குளிரவைத்து, பிதுங்கிய விளிம்பை நறுக்கி எடுத்தால் தட்டு. அரை நிமிடம் போதும். லேபிளுக்குப் பசையே கிடையாது. சூடும் அழுத்தமும்தான் ஒட்டுகின்றன. லேபிளில் ஈரம் இருந்தால் அச்சில் கொப்புளம் வரும் என்பதால் முன்னதாகவே அடுப்பில் உலர்த்திவிடுவார்கள். மும்பை ஆகஸ்டு மாதத்தில் இதைச் செய்பவர்களுக்கு என் வணக்கம்.

முழு அச்சுக்கு முன் சில சோதனைத் தட்டுகள் வரும். குழுவினர் அதைப் போட்டுப் பாட்டு நன்றாக இருக்கிறதா என்று கேட்பார்கள். நான் பாட்டுக்கு நடுவே இருக்கும் மௌனத்தைக் கேட்பேன்.

இந்தியாவில் இதற்கு முன் யாராவது இப்படி வாசித்துத் தட்டுப் போட்டார்களா?

போட்டார்கள், அதுவும் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே. சிம்லா என்ற சிகரெட்டின் விளம்பரத்துக்காக ‘பீட்’ என்று அன்று அழைக்கப்பட்ட ராக் குழுக்களுக்கான அகில இந்தியப் போட்டி ஒன்று நடந்தது. அதில் தேறிய குழுக்களின் பாட்டுகள் 1970, 1971 ஆகிய ஆண்டுகளுக்கான இரண்டு எல்.பி.களாக வந்தன. ஷில்லாங்கின் ஃபென்டோன்ஸ், பெங்களூரின் டைனோசர்ஸ், சென்னையின் கன்ஃபியூஷன்ஸ் எல்லாம் அதில் இருக்கிறார்கள். உலகமெங்கும் கராஜ் இசை சேகரிப்போர் அந்தத் தட்டுகளைத் தேடி அலைகிறார்கள். எனக்கு அவற்றில் பிடித்தது ஒலிப்பதிவின் அவசரம். ஃபஸ் கிடாருக்குப் பின்னால் ஒரு பதற்றம் இருக்கிறது; ஸ்டூடியோ நேரம் முடியப்போகிறது என்ற பதற்றமாகத்தான் எனக்குக் கேட்கிறது.

அன்றைய பம்பாய் பீட் குழுக்கள் ஏறிய மேடைகளில் நம் சண்முகானந்தா அரங்கமும் ஒன்று. தென்னிந்தியர்கள் 1952இல் தொடங்கிய சபா, 1963இல் எழுப்பிய அரங்கம். மாட்டுங்கா மாமிகள் சாதாரணமாக நினைத்துக்கொண்டிருக்கும் அந்த அரங்கம் என்னவெல்லாம் கேட்டிருக்கிறது என்று நம் பேஸ் கிடார்க்காரர் தன் வீட்டில் அடிக்கடி வாதாடுவார். வீட்டில் எடுபடவில்லை.

தட்டு அச்சிடுவதிலும் நம் நாடு புதியதல்ல. 1908இலேயே கல்கத்தாவின் சியால்தாவில் ஆலை வந்துவிட்டது. பிறகு அதே ஊரின் டம்டம் பகுதியில். கேசட்டும் சி.டி.யும் வந்தபின் 1990களில் தட்டு அச்சு அடங்கிப்போனது. 2024இல் மும்பைப் பக்கத்திலேயே மறுபடியும் ஓர் அச்சு ஆலை தொடங்கியதால், எங்கள் தட்டு கப்பலேறாமல் டெம்போவில் வந்து இறங்கியது.

பாடும் வரிகள் ஒன்றுமே புரியவில்லையே?

உறைக்குள் வரிகள் அச்சிட்ட தாள் இருக்கிறது. முழுக்கத் தமிழ், நடுவில் பம்பாய் இந்தி.

புரியாத பாட்டுக்கு ஒரு பெருமையும் உண்டு. 1963இல் கிங்ஸ்மென் குழு போர்ட்லண்டில் ‘லூயி லூயி’ என்ற பாட்டைப் பதிவுசெய்தபோது மைக் உயரத்தில் இருந்தது. பாடியவர் அண்ணாந்து கத்தினார். சொற்கள் குழம்பின. ஆபாசமாக இருக்குமோ என்று பெற்றோர் புகார் கொடுக்க, அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. விசாரித்தது. தட்டை வெவ்வேறு வேகங்களில் ஓட்டிக் கேட்டார்கள். எந்த வேகத்திலும் புரியவில்லை என்பதே முடிவு. நம் பாடகியின் பெரியம்மா ஒரே தடவை கேட்டுவிட்டு மூன்றாவது பாட்டில் தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார்.

பறை, தவில் ஏதாவது சேர்த்திருக்கிறீர்களா?

இல்லை. தாராவி என்று சொன்னதுமே எல்லோரும் பறையை எதிர்பார்க்கிறார்கள். டிரம்ஸ் வாசிப்பவரின் வீட்டில் பறை வாசிப்பவர்கள் இருக்கிறார்கள்; அவர்கள் வாசிப்பதை நடுவே ஒரு நிமிடம் அலங்காரத்துக்குச் செருகுவதில் அவருக்கு உடன்பாடில்லை. எனக்கும் இல்லை.

தாத்தாவின் பழைய ஃபியஸ்டா பெட்டியில் போடலாமா?

எச்.எம்.வி. ஃபியஸ்டா போன்ற பழைய ரெக்கார்டு பிளேயர் பெட்டிகளில் 33 வேகம் உண்டென்றால் ஓடும். ஆனால் அவற்றில் முள்ளைத் தாங்கும் கை கனமானது. இக்காலக் கருவிகளின் முள் சுமார் இரண்டு கிராம் அழுத்தத்தோடு தடத்தில் உட்காரும். பழையவை அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு அழுத்தும். புது முள் போட்டுவிட்டு ஓரிரு முறை கேளுங்கள், தினமும் வேண்டாம். கைப்பிடி சுற்றும் கிராமபோன் பெட்டியில் மட்டும் வைக்கவே வைக்காதீர்கள். அது 78 வேக அரக்குத் தட்டுக்கானது. அதன் எஃகு ஊசி வினைலை ஒரே ஓட்டத்தில் உழுதுவிடும்.

புது டர்ன்டேபிள் வாங்கினேன். சத்தம் சன்னமாக, தகரம்போல வருகிறதே?

இடையில் ஃபோனோ பிரீஆம்ப் இல்லாமல் நேரே ஒலிபெருக்கியில் செருகியிருப்பீர்கள். தட்டை வெட்டும்போது தாழ்ந்த ஓசைகளைக் குறைத்தும் உயர்ந்தவற்றைக் கூட்டியும் எழுதுவார்கள். 1954இலிருந்து அதற்கு ஒரே அளவுகோல் இருக்கிறது. அதைத் திருப்பிச் சமன்செய்யும் பெட்டிதான் பிரீஆம்ப். சில டர்ன்டேபிள்களில் உள்ளேயே இருக்கும், பின்புறம் ஒரு சுவிட்சைத் தள்ளினால் போதும். முதலில் அதைப் பாருங்கள்.

180 கிராம் தட்டா? நிறத்தில் உண்டா?

140 கிராம், கருப்பு. கனத்தால் ஒலி உயராது, தபால் செலவு உயரும்.

மழைக்காலத்தில் எப்படிப் பாதுகாப்பது?

தட்டுக்கு ஈரத்தால் பெரிய கேடு இல்லை. உறைக்கு உண்டு. மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை சுவரை ஒட்டிய அலமாரியில் அட்டை எதையும் வைக்கக் கூடாது. பூஞ்சை உறையில் தொடங்கி, உள்தாள் வழியாகத் தடத்துக்குள் போய் உட்காரும். சுவரிலிருந்து ஒரு கை தள்ளி, நிமிர்த்தி வையுங்கள். படுக்கவைத்து அடுக்கினால் வளையும். சிலிகா ஜெல் பொட்டலங்களைத் தூக்கி எறியாமல் அலமாரியில் போடுங்கள். பூஞ்சை வந்துவிட்டால் வடிகட்டிய நீரும் மென்மையான துணியுமாக, தடத்தின் போக்கிலேயே துடையுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், உப்பு படியும்.

கோடையில் எதிரி வேறு. வெயிலில் நிறுத்திய காருக்குள் தட்டை விட்டால் அப்பளமாக வந்து சேரும்.

என் பிரதியின் உறை நண்பர் வைத்திருப்பதுபோல இல்லையே?

இருக்காது. 300 உறைகளும் தாராவியில் பனியன்களுக்கு அச்சிடும் ஒரு பட்டறையில் கையால் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்தவை. சிவப்பு ஒன்றில் அடர்ந்தும் ஒன்றில் வெளிறியும் இருக்கும். நான்கைந்தில் அச்சிட்டவரின் கட்டைவிரல் ரேகை இருக்கிறது. அவற்றைத் தேடித்தான் கூட்டம் வருகிறது.

எங்கே வாங்கலாம்?

நிகழ்ச்சி நடக்கும் இடத்தில், எங்கள் கையிலிருந்து. மும்பைக்கு வெளியே இருப்பவர்களுக்குத் தபாலில் அனுப்புகிறோம், மே மாதம் தவிர. தட்டை உறையிலிருந்து வெளியே எடுத்துப் பக்கத்தில் வைத்துக் கட்டுகிறேன். பொட்டலம் கீழே விழுந்தால் தட்டின் விளிம்பு உறையைக் கிழிக்காமலிருக்க அப்படி. உறை காலி என்று நினைத்து எனக்குத் தொலைபேசியில் சண்டைக்கு வருமுன் அட்டைக்கு அடியிலும் பாருங்கள்.

300ம் தீர்ந்துவிட்டால் மறு அச்சு வருமா?

ஸ்டாம்பர்கள் பத்திரமாக இருக்கின்றன, தாய் வார்ப்பும் இருக்கிறது. ஆகவே மறுபடி வெட்ட வேண்டியதில்லை, காசு சேர்ந்தால் அச்சிடலாம். முதல் அச்சின் லேபிள் மஞ்சள். மறு அச்சு வந்தால் வேறு நிறத்தில் இருக்கும். மஞ்சள் வைத்திருப்பவர்கள் பெருமையடித்துக்கொள்ள அதுவே போதும்.